'ஹலால்' என்று சொல்லி 5,260 வெள்ளி வாங்கினார்கள்: பெரு போக நினைக்கும் தம்பதிகள் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

பெருவிலிருந்து சிங்கப்பூர் வந்து இன்றோடு ஆறு நாள். பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், நம்ம நஸீபு" என்று விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

போனது 5,260 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). விமான டிக்கெட் இதில் சேராது.

பெயரைப் போடவில்லை, போட்டால் அது வேறு தலைவலி. முஸ்லிம் தம்பதிகளுக்கென்றே மலைப் பயணம் விற்கிற ஓர் இணையதளம், அவ்வளவுதான். திறந்ததும் பனிமலை, நீல ஏரி, ஹிஜாப் போட்ட பெண் ஒருத்தி முதுகைக் காட்டி நிற்கிற படம். பத்தாவது கல்யாண நாளுக்கு இரண்டு பேர் மட்டும் எங்காவது குளிரான இடத்துக்குப் போகலாம் என்று தேடியது நான்தான். துருக்கிக்கு எல்லாரும் போகிறார்கள். ஆண்டீஸ் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எட்டு நாள் திட்டம். பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து தனி வண்டி. உவாராஸ் என்கிற மலை ஊரில் குளியலறையோடு தனி அறை. ஹலால் சமையல்காரர் கூடவே வருவார். வழிகாட்டி எங்கள் இருவருக்கு மட்டும். முதலில் வில்ககோச்சா என்ற சின்ன ஏரி, அப்புறம் பரோன், சுருப் ஏரிகள், உடம்பு உயரத்துக்குப் பழகிய பிறகு கடைசியில் லகுனா 69 என்கிற ஏரி. வழியில் தொழுகைக்கு நிறுத்தம், ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) செய்ய வெந்நீர்கூட எழுதியிருந்தது. வெந்நீரைப் படித்தபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆனால் அதற்குள் அந்தத் தளத்துக்காரரின் குரல் பதிவு வந்துவிட்டது. "அஸ்ஸலாமு அலைக்கும் சிஸ்டர்" என்று நிதானமான குரல். பின்னால் பாங்கு சத்தம். "பாங்கு சொல்லிட்டாங்க, தொழுதுட்டு வந்து பேசுறேன்" என்று பாதியில் நிறுத்திவிட்டார். சரியாகக் கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். அந்தக் கால் மணி நேரத்தில்தான் நான் விழுந்தேன். அதற்கு மேல் அவர் என்ன விலை சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன்.

முன்பணம் 1,600 வெள்ளியை அட்டையில் கட்டினேன். மீதியை வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட்டால் 150 வெள்ளி குறைப்பதாகச் சொன்னார். குறைத்தபின் 3,660. மச்சான் (என் கணவர்) கணக்கு விவரத்தைப் பார்த்துவிட்டு, "கம்பெனி பேரையே காணோமே, யாரோ ஆள் பேர்ல இருக்கே" என்றார். கேட்டேன். "கம்பெனி கணக்கு ஆடிட்ல இருக்கு சிஸ்டர், இது என் மைத்துனர் கணக்கு, நாமெல்லாம் ஒரே உம்மத், நமக்குள்ள என்ன" என்று பதில் வந்தது. "வியாபாரத்தை விட்டுட்டுத் தொழப் போனவர், அவரா ஏமாத்துவார்?" என்று மச்சானிடம் சண்டை போட்டுப் பணத்தை அனுப்ப வைத்தது நான். இன்றுவரை அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டினால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஜூன் மாதம் போனோம். அங்கே மழையில்லாத காலம் அதுதான், பருவத்தில் மட்டும் பொய் சொல்லவில்லை. லிமா விமான நிலையத்தில் எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டேன். அவர் கையில் கொடுத்தது இரண்டு பஸ் டிக்கெட். தனி வண்டி எங்கே என்றால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, டிக்கெட்டைக் கொடுத்துவிடச் சொன்னார்கள் என்றார். சுமார் 400 கிலோமீட்டர், எட்டு மணி நேரம், ராத்திரி பஸ்.

விடிவதற்கு முன் உவாராஸில் இறங்கினோம். கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் அது. பெட்டியை வைக்கக்கூட விடாமல் ஒரு பையன் வந்து வேனில் ஏறச் சொன்னான். வேனில் எங்களைச் சேர்த்துப் பதினெட்டு பேர். எங்கே போகிறது? லகுனா 69. கடைசி நாளுக்கு வைத்திருந்த, 4,600 மீட்டர் உயரத்து ஏரிக்கு, முந்தின நாள் மத்தியானம் கடற்கரை ஊரில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சிங்கப்பூரில் நாங்கள் ஏறிப் பழகிய மலை புக்கிட் தீமா, 163 மீட்டர்!

மூன்று மணி நேரப் பயணம். வழியில் யுங்காய் ஊர். 1970 மே 31 பூகம்பத்தில் உவாஸ்கரான் மலையின் பனியும் பாறையும் பெயர்ந்து வந்து அந்த ஊரையே மூடிவிட்டது என்று வழிகாட்டிப் பையன் சொல்லிக்கொண்டிருந்தான். தலை சுற்றியதில் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. ஏரி இருக்கிற தேசியப் பூங்காவின் வாசலில் ஆளுக்கு 30 சோல் (பெரு நாட்டுப் பணம்) நுழைவுக் கட்டணம், அதையும் நாங்களே கட்டினோம். 'எல்லாம் உட்பட' என்றுதான் போட்டிருந்தார்கள்.

நடை போக வர 14 கிலோமீட்டர். முதல் பாதி புல்வெளி, மாடு மேய்கிறது, ஓடை ஓடுகிறது, நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வளைந்து வளைந்து ஏற்றம். பத்து அடி வைத்தால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன ஏரியைப் பார்த்து, இதுதான் என்று நினைத்து அழாத குறை. இது இல்லை, இன்னும் ஒரு ஏற்றம் இருக்கிறது என்றார்கள். அங்கேயே வாந்தி எடுத்தேன். மச்சானுக்குத் தலைவலி, உதடு நீலம் பாய்ந்திருந்தது. பையன் நல்லவன், எங்களை மெதுவாக வரச் சொல்லி மற்றவர்களோடு முன்னால் போனான். பதினாறு பேரை அவனும் பார்க்க வேண்டுமே.

ஏரியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். பனிப்பாறை மலையை அரைத்து விட்ட கல்மாவு தண்ணீரில் கலந்து வருகிற நீலம் அது, எந்தப் படத்திலும் அப்படி வராது. ஐந்து நிமிடம் எல்லாம் மறந்துபோனது. அப்புறம் 'ஹலால் உணவுப் பெட்டி' என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். பிரித்தால் ரொட்டிக்குள் ஹாம். பன்றி. நான் கத்தியதைப் பார்த்துப் பையன் பதறிப்போய், "இது கறி இல்லை, வெறும் ஹாம்தான்" என்றான். அந்த ஊர்ப் பேச்சில் கறி என்றால் மாட்டுக்கறி, ஹாம் அந்தக் கணக்கில் வராது. அவன் மேல் தப்பில்லை. அவன் கையிலிருந்த தாளைக் காட்டினான்: எங்கள் பெயர், '2 பேர்', அவ்வளவுதான். ஹலால் என்றோ பன்றி வேண்டாம் என்றோ ஓர் எழுத்து இல்லை. சமையல்காரரா? அப்படி ஒருவரை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

ராத்திரி தங்குமிடம் போனால் எட்டுப் படுக்கை போட்ட பொது அறை. கல்யாண நாளுக்கு! வீட்டுக்கார அம்மா, செனோரா, அறுபது வயதிருக்கும். கைப்பேசி மொழிபெயர்ப்பில் பேசினோம். கணக்குப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு படுக்கை, இரண்டே ராத்திரி, அதற்கு மேல் பணம் வரவில்லை. மறுநாள் வேன்காரர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரே ஒரு நாள் நடைக்கு இரண்டு இருக்கைக்கான காசுதான் வந்திருக்கிறது. தெருவில் போய்க் கேட்டாலே ஐம்பது அறுபது சோலுக்குக் கிடைக்கிற இருக்கை. எட்டு நாளில் எங்களுக்கு அவர்கள் செலவழித்தது சில நூறு வெள்ளி இருந்தால் அதிகம். வாங்கியது 5,260.

மீதி நாளை எங்கள் காசில் ஓட்டினோம். செனோரா தனி அறை கொடுத்தார். நான் கேட்காமலே, பன்றிக் கொழுப்பு படாத புது வாணலி ஒன்றை அடுப்பங்கரையில் வைத்தார். முட்டை, உருளைக்கிழங்கு, வேகவைத்த சோளம், பொரித்த ட்ரௌட் மீன் என்று ஓடியது. சொல்லப்போனால் அந்த ஊரில் மீனும் முட்டையும் போதும் என்பவருக்கு ஹலால் பேக்கேஜே தேவையில்லை.

பரோனுக்குக் கராஸ் ஊர் வழியாக நாங்களே போனோம். அங்கே கரையில் நின்று ளுஹரும் அஸரும் (மதிய, மாலைத் தொழுகைகள்) ஜம்உ செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, தொழுதோம். நமக்கு ஆயுசு முழுக்க மேற்கே பார்த்துத்தான் பழக்கம். பெருவிலிருந்து கிப்லா, அதாவது மக்கா இருக்கிற திசை, கிழக்கே, கொஞ்சம் வடக்கு சாய்ந்து. ஏரியின் நீளமும் அந்தக் கோடியில் நிற்கிற பனிமலையும் எங்களுக்கு நேர் எதிரே. இந்தப் பயணத்தில் ஹலாலாக இருந்தது அந்த ஒன்றுதான், அதற்கு யாருக்கும் காசு கொடுக்கவில்லை.

இனி குரல் பதிவு அனுப்பிய அந்தச் 'சகோதரர்' கதை. ஹாம் படத்தை அன்றைக்கே அனுப்பினேன். "அஸ்தஃபிருல்லாஹ், உள்ளூர் ஆள்கள் தவறு, பேசுறேன் இன்ஷா அல்லாஹ்." மறுநாள்: "இன்ஷா அல்லாஹ் இன்னைக்கு." அதற்கடுத்த நாள் வார விடுமுறை. அப்புறம் ஒரு படிவம், நிரப்பினேன். அந்தப் படிவம் பழசாம், புதுசு ஒன்று, அதையும் நிரப்பினேன். செய்வதில்லை என்று முடிவு கட்டியவர்கள் வாயில் இன்ஷா அல்லாஹ் படுகிற பாட்டைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் வந்து சேர்ந்த பிறகு வேறொருவர், பெண் பெயர், மின்னஞ்சல் போட்டார்: "எங்கள் பக்கத்தில் ஹலால் ஃப்ரெண்ட்லி என்றுதான் உள்ளது, ஹலால் என்று உத்தரவாதம் தரவில்லை." சமையல்காரர்? "கிடைத்தால் மட்டும்." தனி அறை? பதில் இல்லை. அடுத்த பயணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். கடைசியாக அவரிடமிருந்து வந்த குரல் பதிவு நாலு வினாடி: "சபூர் செய்யுங்க சிஸ்டர்." பொறுமையாக இருக்க வேண்டுமாம். அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

5,260 வெள்ளிக்கு சபூர்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, நினைவுக்கு வருவதை மட்டும் போடுகிறேன். ஆள் பெயரில் இருக்கிற கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அட்டையிலேயே கட்டுங்கள். பெரு நிறுவனம் என்றால் ரூக் என்று 11 இலக்க வரி எண் இருக்கும், நிறுவனமாகப் பதிந்திருந்தால் 20-இல் தொடங்கும், கேளுங்கள், தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். தங்குமிடத்துக்கு நீங்களே எழுதி முன்பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், நான் ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் போதும். முதல் நாளே 4,600 மீட்டருக்கு ஏற்றினால் வேனில் ஏறாதீர்கள், குறைந்தது இரண்டு நாள் ஊரில் இருங்கள். சாப்பாட்டுக் கடையில் 'மான்தேகா' என்று காதில் விழுந்தால் அது பன்றிக் கொழுப்பு. தொழுதுவிட்டு வந்து பேசுகிறேன் என்பவரிடமும் ரசீது கேளுங்கள்.

வங்கியில் அட்டைப் பணம் 1,600-க்கு மட்டும் புகார் எடுத்திருக்கிறார்கள், 3,660-க்கு வழியே இல்லை என்றுவிட்டார்கள். செனோரா எழுதிக் கொடுத்த ரசீதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நாளைக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.