அப்பாவின் ஸ்விஃப்டுக்குப் புது ஷாக் அப்சார்பர்

லண்டனில் மூன்று வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனையில் தேறியாக வேண்டும். வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் மோசமாக ஒழுகினாலே தேறாது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவுச் சான்று 15 ஆண்டுகள் செல்லும். அதுவரை புகைச் சான்று கேட்பார்களே தவிர, வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க ஆள் கிடையாது. வேளச்சேரியில் நிற்கும் அப்பாவின் 2012 ஸ்விஃப்ட் இந்தச் சலுகையை முழுவதுமாக அனுபவித்திருந்தது. வேகத்தடை தாண்டிய பிறகும் ஊஞ்சல்போல் ஆடியது. "வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, ரோடுதான் மோசம்" என்பது அப்பாவின் கட்சி. முன்பக்கத்தை ஓர் அமுக்கு அமுக்கிவிட்டேன். ஒருமுறை எழும்பி நிற்க வேண்டிய வண்டி, இரண்டு மூன்று முறை குதித்தது. இடது ஷாக்கில் கசிந்த எண்ணெய் தூசியோடு சேர்ந்து அப்பிக் கிடந்தது.

பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில், வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்ம் உட்பட எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். அதை மடித்து வைத்துவிட்டு உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். முன்பக்க ஷாக் ஜோடி, அதோடு மாட்டும் மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாவற்றையும் பில்லோடு வாங்கினேன். பில் வேண்டாம் என்றால் விலை குறையும் என்றார் கடைக்காரர். பில் இல்லாமல் உத்தரவாதம் ஏது?

தெருமுனைப் பட்டறை அண்ணன், "சார், ஒழுகுவது இடதுதானே, வலது நன்றாக இருக்கிறதே?" என்றார். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போது இரு பக்கமும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது என்றேன். ஒப்புக்கொண்டார், காசு என்னுடையது என்பதாலும் இருக்கலாம்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஷாக்கைச் சுற்றியிருக்கும் முன்பக்கச் சுருள்வில்லை அமுக்கிப் பிடிக்காமல் நடு நட்டைக் கழற்றினால் அது தாடையைப் பெயர்த்துவிடும். இரண்டு கொக்கி அமுக்கிகளை எதிரெதிராக மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். புது ஷாக்கின் பளபளக்கும் தண்டைப் பையன் பிளையரால் பிடிக்கப் போனபோது விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது. நியாயமான திட்டுதான். அந்தத் தண்டில் கீறல் விழுந்தால் எண்ணெய் சீல் கிழியும். புது ஷாக்கும் சீக்கிரமே ஒழுகும். இரண்டு பக்கத்துக்கும் அவர் வாங்கிய கூலி, லண்டன் கராஜில் ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது.

ஒன்றை மட்டும் கேட்டுச் செய்ய வைக்க வேண்டியிருந்தது: வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது. ஷாக்கின் கீழே இருக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி மாட்டினாலே சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். "ஸ்டியரிங் நேராகத்தானே இருக்கிறது" என்றார் அண்ணன். அலைன்மென்ட் கடைத் திரையில் இடது சக்கரம் சிவப்பில் காட்டியது. சரிசெய்து கொடுத்தவர்கள் கையோடு டயரில் நைட்ரஜனும் நிரப்பச் சொன்னார்கள். சாதாரணக் காற்றே போதும் என்று கிளம்பிவிட்டோம்.