கோப்புகளை அடுக்கவும் தேடவும் எந்த மென்பொருள்? பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு என் அனுபவம்

கோப்புகளைக் கையாள நல்ல மென்பொருள் எது என்று யார் கேட்டாலும், நான் முதலில் ஒன்றைக் கேட்பேன். உங்கள் நேரம் எதில் போகிறது? கோப்பைத் தேடுவதிலா, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவதிலா, எது என்னவென்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதிலா? இவை மூன்றும் தனித்தனி வேலைகள். ஒரே மென்பொருள் மூன்றையும் சிறப்பாகச் செய்யும் என்று எதிர்பார்த்துத் தேடினால் தேடல் முடியவே முடியாது. இப்போது என்னிடம் இருப்பவை ஒன்றுக்கொன்று துணையான சில சிறிய மென்பொருள்கள். அவற்றோடு நான் நிம்மதியாக இருக்கிறேன்.

என் வேலை ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவதும், ஸ்கேன் செய்த பக்கங்களை ஒழுங்குபடுத்தி மின்னூலாக்குவதும். ஒரு நூல் என்றால் நூற்றுக்கணக்கில் படக் கோப்புகள். அவற்றின் வெட்டித் திருத்திய வடிவங்கள், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் தந்த உரை, பிழை திருத்திய உரை என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கைந்து பிறவிகள். ஃபோல்டரில் பத்து ஆவணங்கள் மட்டும் வைத்திருப்பவருக்கு விண்டோஸோடு வரும் எக்ஸ்ப்ளோரர் தாராளமாகப் போதும். அவர்கள் வேறெதையும் நிறுவ வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் போன்ற வேலையில் இருப்பவர்களுக்கு அது போதாது.

எக்ஸ்ப்ளோரர் 1995-இல் விண்டோஸ் 95 உடன் வந்தது. அதில் ஒரே சாளரத்தில் பல ஃபோல்டர்களைத் திறந்து வைக்கும் டேப் வசதி வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் டேப் இல்லாததைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. மவுஸால் ஒரு கோப்பைப் பிடித்து இழுத்து இன்னொரு ஃபோல்டரில் போட்டால், இரண்டும் ஒரே டிரைவில் இருந்தால் அது இடம் மாறும். வேறு டிரைவாக இருந்தால் நகல் எடுக்கப்படும். கையசைவு ஒன்று, விளைவு இரண்டு. மூலக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது முக்கியமான வேலையில் இந்த ஐயத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

அதனால்தான் இரட்டைப் பலக மென்பொருளுக்கு மாறினேன். திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் ஒரு ஃபோல்டர், வலப்பக்கம் ஒரு ஃபோல்டர். எஃப்5 அழுத்தினால் நகல், எஃப்6 அழுத்தினால் இடமாற்றம், எஃப்7 புதிய ஃபோல்டர், எஃப்8 நீக்கம். எந்த டிரைவாக இருந்தாலும் பொருள் மாறாது. இந்த அமைப்பு 1986-இல், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து நார்ட்டன் கமாண்டரில் ஜான் சோச்சா உருவாக்கியது. லினக்ஸில் மிட்நைட் கமாண்டர், விண்டோஸில் ஃபார் மேனேஜர், டோட்டல் கமாண்டர் என்று அந்த வம்சம் இன்றும் தழைத்திருக்கிறது. ஒரு மென்பொருளில் பழகிய விரல்கள் இன்னொன்றிலும் தடுமாறுவதில்லை. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ நிரல்களின் முகம் தலைகீழாக மாறிவிட்டது. எஃப்5 இன்னும் நகல்தான். இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நான் அதிகம் பயன்படுத்துவது டோட்டல் கமாண்டர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் கிஸ்லர் 1993-இல் விண்டோஸ் கமாண்டர் என்ற பெயரில் வெளியிட்டது. 2002-இல் இந்தப் பெயருக்கு மாறியது. தோற்றம் பழையது, அதை மறைக்க முடியாது. முதலில் சில நாள் மவுஸைத் தேடிக் கை போய்க்கொண்டே இருக்கும். இன்சர்ட் விசையால் தேர்வு செய்வதும், டேப் விசையால் பலகம் மாறுவதும், ஸ்பேஸ் தட்டி ஃபோல்டரின் மொத்த அளவைப் பார்ப்பதும் பழகிய பிறகு திரும்பிப் போக மனம் வராது.

இதில் எனக்கு உயிர் போன்ற வசதி, பல கோப்புகளுக்கு ஒரே நேரத்தில் பெயர் மாற்றுவது. கன்ட்ரோல் எம் அழுத்தினால் தனிச் சாளரம் திறக்கும். பழைய பெயர் ஒரு பத்தியில், வரப்போகும் புதிய பெயர் பக்கத்துப் பத்தியில். எண்வரிசை எங்கே தொடங்க வேண்டும், எத்தனை இலக்கம், கோப்பின் தேதி பெயருக்குள் எந்த இடத்தில் வர வேண்டும் என்றெல்லாம் தட்டத் தட்ட, புதிய பெயர்கள் கண்முன்னே மாறிக்கொண்டே வரும். உறுதி செய்யும்வரை எந்தக் கோப்பும் தொடப்படாது. மாற்றிய பிறகும் திரும்பப் பெற வழி உண்டு. ஸ்கேனர் தரும் பொருளற்ற எண்பெயர்கள் நூற்பெயரும் பக்க எண்ணும் தாங்கிய வரிசையாக மாறச் சில நிமிடங்கள் போதும்.

அடுத்தது கன்ட்ரோல் பி. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகக் கிடக்கும் எல்லாக் கோப்புகளையும் ஒரே தட்டையான பட்டியலாக விரித்துக் காட்டும். பத்து உள்ஃபோல்டர்களில் சிதறிய ஒலிக் கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தினால், பாதியில் அறுந்த பதிவு எது என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். இரண்டு ஃபோல்டர்களை ஒப்பிட்டு ஒத்திசைக்கும் கருவியும் உள்ளேயே இருக்கிறது. வெளி டிஸ்கில் எடுக்கும் பேக்கப்புக்கு நான் அதையே நம்புகிறேன். தேதியையும் அளவையும் மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தையும் ஒப்பிடச் சொல்லலாம். நேரம் பிடிக்கும். மாற்றுப் பிரதி இல்லாத ஒலிப்பதிவுக்கு அந்த நேரத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

டோட்டல் கமாண்டர் முயன்று பார்த்துப் பின் உரிமம் வாங்க வேண்டிய மென்பொருள். இலவசமாக, திறமூலமாக வேண்டுமென்றால் டபுள் கமாண்டர். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். மேலே சொன்ன குறுக்குவிசைகள் பெரும்பாலும் அப்படியே அதிலும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களை அங்கேயே தொடங்கச் சொல்கிறேன்.

தேடலுக்கு வருவோம். விண்டோஸில் கோப்பின் பெயர் வைத்துத் தேட வாய்ட்டூல்ஸ் வெளியிடும் எவ்ரிதிங் என்ற சிறிய மென்பொருளுக்கு நிகராக வேறொன்றை நான் பார்க்கவில்லை. எழுத்தைத் தட்டும்போதே விடை வந்து நிற்கும். விண்டோஸ் வழக்கமாகக் கோப்புகளைப் பதிந்துவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த டிரைவில், உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிறு பதிவு தலைமை அட்டவணை ஒன்றில் இருக்கும். எவ்ரிதிங் ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்காமல் அந்த அட்டவணையையே நேராகப் படித்துவிடுகிறது. நூலகத்தில் அலமாரி அலமாரியாக நடந்து தேடுவதற்கும் நூற்பட்டியலைக் கையில் எடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். பத்து லட்சம் கோப்புகளைப் பட்டியலிட ஏறத்தாழ ஒரு நிமிடம், நினைவகத்தில் ஏறத்தாழ 75 எம்பி என்பது அதை உருவாக்கியவர்கள் தரும் கணக்கு. அதன் பிறகு மாற்றங்களை விண்டோஸே எழுதிவரும் மாற்றப் பதிவேட்டிலிருந்து உடனுக்குடன் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு முறையில் இருக்கும் பென்டிரைவுக்கும் நெட்வொர்க் டிரைவுக்கும் இந்தக் குறுக்குவழி இல்லை. அவற்றை ஃபோல்டராகச் சேர்த்து அவ்வப்போது புதுப்பிக்கச் சொல்ல வேண்டும்.

கோப்பின் வகை, அளவு, மாற்றிய தேதி ஆகியவற்றைச் சேர்த்தும் தேடலாம். நேற்று மாற்றிய உரைக் கோப்புகள், ஒரு ஜிபிக்கு மேற்பட்ட ஒலிக் கோப்புகள் என்று வடிகட்டப் பழகியதும், நான் ஃபோல்டர் மரத்தில் இறங்கி ஏறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. லினக்ஸில் இதே எண்ணத்தில் எழுந்தது எஃப்சர்ச். மேக்கில் 2005 முதல் ஸ்பாட்லைட் உள்ளேயே இருக்கிறது. அது உள்ளடக்கத்தையும் தேடும்.

திறந்து பார்க்கும் வேலைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பேஸ் தட்டினால் கோப்பின் முன்னோட்டம் தெரியும் வசதி மேக்கில் 2007-இல் வந்தது. விண்டோஸில் குவிக்லுக் என்ற இலவச மென்பொருள் அதையே செய்கிறது. டிஸ்க் நிறைந்துவிட்டால் எது இடத்தை அடைக்கிறது என்று கட்டங்களாக வரைந்து காட்ட வின்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ இரண்டுமே நன்று. விஸ்ட்ரீயும் அந்தத் தலைமை அட்டவணையையே படிப்பதால் வேகம் கூடுதல்.

இனி நான் பயன்படுத்திப் பார்த்து விட்டுவிட்ட ஒன்று: குறிச்சொற்கள், அதாவது கோப்பின் மேல் நாம் ஒட்டிவைக்கும் அடையாளச் சொற்கள். டைரக்டரி ஓபஸ், எக்ஸ்ஒய்ப்ளோரர் இரண்டும் வலுவான மென்பொருள்கள். ஓபஸ் 1990-இல் அமிகா கணினிக்காகப் பிறந்து விண்டோஸுக்கு வந்தது. தோற்றத்தையும் நடத்தையையும் இம்மி இம்மியாக நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள விடும். எக்ஸ்ஒய்ப்ளோரரில் கோப்புக்கு நிறமும் குறிச்சொல்லும் ஒட்டலாம். ஒரே பேட்டியை ஆள்வாரியாகவும் பொருள்வாரியாகவும் பார்க்க முடிவது அருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குறிச்சொல் எங்கே எழுதப்படுகிறது என்பதைப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. சில மென்பொருள்கள் தங்களுக்கென்று ஒரு தனிக் கோப்பில் எழுதுகின்றன. சில, என்டிஎஃப்எஸ் தரும் மறைவான துணைப் பகுதியில் எழுதுகின்றன. அதே கோப்பை எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் நகலெடுத்தால் அந்தப் பகுதி கூடவே போகாது. மேக்கும் லினக்ஸின் கோப்பு மென்பொருளான டால்ஃபினும் கோப்போடு ஒட்டிய கூடுதல் பண்புகளில் வைக்கின்றன. மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினால் அதுவும் தங்காது.

கோப்பு எங்கே போனாலும் விடாமல் கூடவே போவது அதன் பெயர் ஒன்றுதான். டேக்ஸ்பேசஸ் என்ற மென்பொருள் குறிச்சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் கோப்புப் பெயரிலேயே எழுதுகிறது; அதன் தோற்றம் எனக்கு ஒத்துவரவில்லை என்றாலும் அந்த முடிவு சரியானது. ஆகவே என் ஒழுங்கு முழுவதையும் பெயருக்குள் கொண்டுவந்துவிட்டேன். முதலில் தேதி, ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில். அப்படி எழுதினால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். கோப்பை நகலெடுக்கும்போது விண்டோஸ் உருவாக்கிய தேதியைப் புதிதாகப் போட்டுவிடும், எனவே அந்தத் தேதியை நம்பி எதையும் அடுக்கக் கூடாது. தேதிக்கு அடுத்து ஆள் அல்லது நூல், பிறகு பொருள், கடைசியில் மூன்று இலக்க எண். 2-க்குப் பின் 10 வருமா, 10-க்குப் பின் 2 வருமா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். 002, 010 என்று எழுதிவிட்டால் அந்தச் சிக்கலே எழாது. இந்தப் பெயர்களைக் கொண்டு எவ்ரிதிங்கில் இரண்டு மூன்று சொற்களைத் தட்டினால், குறிச்சொல் தந்த அதே வசதி கிடைக்கிறது.

பெயரைத் தமிழில் வைக்கிறவர்கள் சிலவற்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நான் தமிழிலேயே வைக்கிறேன், எல்லோரும் வைக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். லினக்ஸின் இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைகளில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ‘ஒலிப்பதிவு’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியுமாகப் பத்துக் குறியீடு, முப்பது பைட். ஆக ஒரு பெயருக்கு 85 குறியீடுகள்தான் கிடைக்கும். விண்டோஸில் பெயருக்கு இந்தத் தட்டுப்பாடு இல்லை. ஆனால் ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் சேர்ந்த முழுப் பாதையும் 260 குறியீட்டுக்குள் அடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் பழைய நிரல்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன.

வரிசையிலும் ஒரு சிக்கல். எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடு அட்டவணையில் ற, ள, ழ மூன்றும் வகரத்துக்கு முன்னால் இருக்கின்றன. நம் நெடுங்கணக்கில் பின்னால். குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் பட்டியல் நமக்குத் தாறுமாறாகத் தெரியும். பெயரின் முன்னால் தேதியோ எண்ணோ இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விடக் கண்ணில் படாதது ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள். ‘கோ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸும் லினக்ஸும் நாம் தட்டியதை அப்படியே வைத்துக்கொள்ளும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறை எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தே சேமித்தது. 2017-இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை. ஆக ஒரு பழைய மேக்கில் கட்டிய ஜிப் கோப்பை விண்டோஸில் பிரித்தால், ‘கோப்பு’ என்ற பெயர் திரையில் தெளிவாகத் தெரியும். குறியீட்டை அப்படியே ஒப்பிடும் தேடலில் அதே சொல்லைத் தட்டினால் கிடைக்காது. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பது போலவும் தோன்றும்.

லினக்ஸில் இதற்குக் கன்வ்எம்வி என்ற கட்டளைநிரல் இருக்கிறது. ஃபோல்டர் முழுவதிலும் பிரிந்த குறியீடுகளைச் சேர்த்துப் பெயரைத் திருத்தும். முதல் முறை எதை எப்படி மாற்றப்போகிறது என்று காட்ட மட்டும் செய்து, நாம் வெளிப்படையாக ஒப்புதல் தந்த பிறகே மாற்றும். வெளியிலிருந்து வரும் எந்தத் தொகுப்பையும் நான் அதில் ஒருமுறை ஓட்டிய பிறகே என் ஃபோல்டருக்குள் சேர்க்கிறேன். மேலே சொன்ன கோப்பு மென்பொருள்களில் ஏதாவது ஒன்று, பல பெயர் மாற்றும் சாளரத்திலேயே இதையும் ஒரு தேர்வாக வைத்தால், மறுநாளே அதற்கு மாறிவிடுவேன்.