தென்காசியில் ஆறு வருடம்: "தண்ணி விழுதா?"

சென்னையில் இருக்கும் என் கல்லூரி நண்பன் போன ஆடியில் குடும்பத்தோடு குற்றாலம் வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போனான். அதிலிருந்து வாரம் ஒருமுறை போன், அதே கேள்வி: "ரிட்டையர் ஆனதும் தென்காசியிலேயே வீடு பாத்துரலாமாடா?" மூன்று நாள் சாரலில் நனைந்த மயக்கத்தில் இருப்பவனுக்குப் போனில் சொன்னால் ஏறாது. ஆறு வருடமாக இங்கே குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

சாரல் என்று எல்லோரும் உருகுவது மழையே இல்லை. மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று, மிச்சம் இருப்பதைப் பொடிப்பொடியாக நம் மேல் தூவிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். வெயில் அடிக்கும்போதே தூறும், தூறும்போதே வெயில் அடிக்கும். குடையைப் பிரித்தால் காற்று அதை மடக்கிவிடும் என்பதால் உள்ளூர்க்காரர் யாரும் பிரிப்பதில்லை. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் ஒரு கை வேட்டியைப் பிடித்துக்கொள்ளப் போய்விடும், கும்பிட மிச்சம் ஒரு கைதான். மொட்டை மாடியில் துணி காயப்போடுவது தனிக் கதை. பத்து மணிக்குக் காயப்போட்டு, பத்தே காலுக்கு ஓடிப்போய் எடுத்து, பத்தரைக்குச் சுள்ளென்று வெயில் வந்ததும் மறுபடி போட்டு, கடைசியில் கிளிப்போடு சேர்ந்து சட்டை எதிர் வீட்டுத் தென்னை மரத்துக்குப் போய்விடும். வீட்டுக்கார அண்ணாச்சியிடம் முதல் வருடம் புலம்பினேன். "ஆவணி பொறந்தா நின்னுரும் தம்பி" என்றார். நிற்கத்தான் செய்தது. நின்ற பிறகுதான் காற்று இல்லாத வீடு எவ்வளவு வெறிச்சென்று இருக்கிறது என்று தெரிந்தது. ஜூன் மாதம் சென்னையில் நீங்கள் எல்லாம் வெந்துகொண்டிருக்கும்போது நான் காலை நடைக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வருகிறேன், வேர்வையை அல்ல. இதற்கு மேல் புகழ மாட்டேன்.

சித்திரையில் வந்து பார். குற்றாலம் பேரருவி இருக்கிற இடத்தில் வெறும் பாறை, ஊருக்குள் அசல் திருநெல்வேலி வெயில். ஊட்டி என்று நினைத்து வந்துவிடாதே, இது மலையடிவாரம்தான், மலை இல்லை.

சரி, என் தீராத வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். வைகாசி கடைசியில் ஆரம்பிக்கும், அருவியைப் பற்றி "தண்ணி விழுதா?" பத்து வருடமாகப் பேசாத ஒன்றுவிட்ட அண்ணன், பழைய ஆபீஸில் எனக்கு இன்க்ரிமென்ட்டே போடாத மேனேஜர், மனைவியின் சித்தி மகள் நாத்தனார் வரைக்கும் எல்லோரும் கூப்பிடுவார்கள். நலமா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், ஒன்றும் கிடையாது. நேராக "தண்ணி விழுதா?"தான். இதற்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது, நான் சொல்வது எதுவும் ரெண்டு மணி நேரம்தான் செல்லும். மலை உச்சியில் மேகம் கறுத்து உட்கார்ந்துவிட்டால் காலையில் நூலாக விழுந்தது மதியம் வெள்ளமாகி, குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். சாயங்காலம் மறுபடி திறந்துவிடுவார்கள்.

மூன்று வருடம் முன்னால் விருதுநகர் மாமா காலை ஆறு மணிக்குக் கேட்டார். "நல்லா விழுது மாமா" என்றேன், உண்மையாகவே விழுந்தது. வேன் பிடித்துப் பதினாலு பேர் வந்து இறங்குவதற்குள் பேரருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது, போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் விரட்டுகிறது, ஐந்தருவியிலும் அதே நிலைமை. பதினாலு பேரும் என் வீட்டுக்கு வந்து வரிசையாக பக்கெட்டில் குளித்தார்கள். மேல் டேங்க் காலி. அண்ணாச்சி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மோட்டாரைப் போட்டார். "ஒன் பேச்ச நம்பித்தான மாப்ளே வந்தோம்" என்று மாமா கிளம்பும்போது சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. அவர்கள் ராஜபாளையம் தாண்டுவதற்குள் தடையை எடுத்துவிட்டார்கள். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

தடை போட்டால் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் கோபம் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். மேலே பெய்கிற மழை கீழே நிற்பவனிடம் சொல்லிக்கொண்டு வராது.

இந்த ஊரில் இருக்கிறவனுக்கு சீசனில் அருவி கிடையாது என்று வைத்துக்கொள். சனி, ஞாயிறு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே முடியாது, கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். எனக்குக் கிடைத்தது வேறு. பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயிலுக்கு விடியற்காலையில் படியேறிப் போய், மேலே நின்று கீழே பச்சையும் குளமுமாக விரிந்து கிடப்பதைப் பார்ப்பது. அடவிநயினார் அணை 132 அடிக்கு மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும்போதே குண்டாறு அணை 36 அடிதானே, சட்டென்று நிரம்பி வழிய ஆரம்பித்துவிடும், அதைப் பார்க்க செங்கோட்டைப் பக்கம் ஒரு நடை. ஆவணி வாக்கில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும், அதற்கும் இப்போது செல்பி கூட்டம் வந்துவிட்டது. வருகிற வழியில் பிரானூர் பார்டரில் புரோட்டா, இதை டாக்டரிடம் சொல்ல வேண்டாம்.

டாக்டர் என்றதும் ஒன்று. 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆன பிறகு கலெக்டர் ஆபீஸ் வேலைக்குத் திருநெல்வேலிக்கு அலைவது நின்றது. ஆனால் பெரிய வைத்தியம் என்றால் இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் அங்கேதான் ஓட வேண்டியிருக்கிறது, அறுபது வயதில் வருகிறவன் யோசிக்க வேண்டிய விஷயம். புளியரை வழியாகக் கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப்போகிற லாரிகளின் பின்னால் பைக்கில் போனால் சாரலோடு மணலும் கண்ணில் விழும். ரயில் பரவாயில்லை, ராத்திரி பொதிகையில் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர்.

ஆக, வராதே. இதை நிதானமாகத்தான் சொல்கிறேன்.

அண்ணாச்சியின் மாடி போர்ஷன் தை மாதம் காலியாகிறது, மேற்குப் பார்த்த பால்கனி, மலை முழுசாகத் தெரியும். நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அவனும் இங்கே வந்துவிட்டால் எனக்கு வருகிற போனில் பாதியை அந்தப் பக்கம் தள்ளிவிடலாம் என்று நேற்று ராத்திரி தோன்றியது. அட்வான்ஸ் எவ்வளவு என்று மட்டும் அண்ணாச்சியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.