விலையை ஏற்றுவதா, கடன் ஒப்புதலோடு போவதா?

சென்னையில் மறுவிற்பனைக்கு வரும் நல்ல ஃபிளாட்டுக்கு நாலு பேர் போட்டி என்றால், சிலர் உடனே இரண்டு மூன்று லட்சம் கூட்டிச் சொல்வார்கள். பல நேரம் பலிக்கும். ஆனால் வங்கி தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பை வைத்துத்தான் கடன் தரும். கடன் 75 லட்சத்தைத் தாண்டினால் அந்த மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சம். மதிப்பீடு ஏறாவிட்டால், கூட்டிய தொகை முழுக்க நம் கையிலிருந்துதான் போகும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் வேறு.

இவ்வளவு கடன் தருவோம் என்று வங்கி முன்பே தரும் கடன் ஒப்புதல் கடிதத்தோடு போய்ப் பேசுவது இன்னொரு வழி. வேறு வீடு வாங்கக் காத்திருக்கும் விற்பனையாளருக்குச் சொன்ன தேதியில் வரும் பணம்தான் பெரிது. என் ஓட்டு இதற்கே. அதற்காக, வில்லங்கச் சான்றும் (சொத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனைகளைக் காட்டுவது) மூலப் பத்திரமும் (சொத்து முன்பு கைமாறியதற்கான பழைய பத்திரம்) பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.