அமெரிக்க ஹைஸ்கூலில் இஎஸ்எல்: தனி வகுப்பா, பாடத்தோடு சேர்த்தா?

அமெரிக்காவுக்குக் குடிபோய்ப் பிள்ளையை ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ சேர்க்கும்போது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவத்தில் கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால், இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளையையும் ஆங்கிலத் தேர்வுக்கு உட்கார வைக்கலாம். மதிப்பெண் குறைந்தால், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் இஎஸ்எல் போன்ற உதவியைப் பள்ளி செய்தே ஆக வேண்டும். மொழி புரியாத மாணவருக்கு எல்லோருக்கும் தரும் அதே புத்தகத்தையும் ஆசிரியரையும் தந்தால் மட்டும் சமமாக நடத்தியதாகாது என்று 1974-இல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உதவி எந்த வடிவில் என்பதில்தான் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம்.

பேச்சு ஆங்கிலம் ஓரிரு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும் என்பது மொழியியலாளர் ஜிம் கம்மின்ஸின் கணிப்பு. ஹைஸ்கூலோ மொத்தமே நாலு வருடம். ஆங்கிலம் முழுதாக வரட்டும், அப்புறம் வேதியியல் பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாது. அதனால் எந்த முறையாக இருந்தாலும், அது பாட வகுப்புகளை என்ன செய்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

தனி இஎஸ்எல் பீரியட் பழைய வழி. ஆரம்பநிலைப் பிள்ளைக்குக் கூச்சமில்லாமல் வாய் திறக்க இடம் கிடைக்கும். விலை, டைம்டேபிளில் ஓர் இடம்: இசையோ கம்ப்யூட்டரோ போகும். இரண்டு பீரியட் என்றால் இன்னும் மோசம். அந்த வகுப்புக்குக் கிடைப்பது ஆங்கிலக் கிரெடிட்டா (பள்ளியை முடிக்கச் சேர்க்க வேண்டிய புள்ளி), வெறும் எலெக்டிவ் (விருப்பப்பாட) கிரெடிட்டா என்று முதல் நாளே கேளுங்கள். எலெக்டிவ் என்றால், ஹைஸ்கூலை முடிக்கத் தேவையான ஆங்கில வகுப்புகள் கடைசி இரண்டு வருடத்தில் மொத்தமாகத் தலையில் விழும்.

ஷெல்டர்டு வகுப்பில் அதே உயிரியலை, அதே கிரெடிட்டுக்கு, படமும் சொற்பட்டியலும் வாக்கிய மாதிரிகளும் வைத்து எளிய ஆங்கிலத்தில் நடத்துவார்கள். என் ஓட்டு இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு. சில பள்ளிகளில் கணக்கில் இது ‘அல்ஜீப்ரா 1’ என்ற தொடக்கநிலை வகுப்போடு நின்றுவிடும். ஊரில் பத்தாம் வகுப்புக் கணக்கை முடித்த பிள்ளையை, ஆங்கிலம் குறைவு என்பதற்காக அங்கே உட்கார வைத்தால் பன்னிரண்டாவதில் கால்குலஸ் எட்டாக் கனி. கணக்கில் எங்கே சேர்ப்பது என்பதைக் கணக்குத் தேர்வு வைத்து முடிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

வழக்கமான வகுப்பிலேயே இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்துவது காகிதத்தில் அழகான ஏற்பாடு. இருவருக்கும் சேர்ந்து திட்டமிட நேரம் ஒதுக்காவிட்டால், இஎஸ்எல் ஆசிரியர் பின்வரிசையில் காதோடு மொழிபெயர்க்கும் உதவியாளராகிவிடுவார்.

புதிதாக வந்தவர்களுக்கான தனித் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு வருடம்தான். படிப்பு நடுவில் விட்டுப்போனவர்களுக்கு அது வரம். நியூயார்க்கில் 1985-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஹைஸ்கூல் போல, முழுப் பள்ளியையே புதியவர்களுக்காக நடத்துவதும் உண்டு. இருமொழி வகுப்புகள் பெரும்பாலும் ஸ்பானிஷில்தான். தமிழ்ப் பிள்ளைக்கு அது பயன்படாது.

‘எதுவுமே வேண்டாம்’ என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் பிள்ளை ஆங்கிலம் கற்போர் பட்டியலிலேயே இருக்கும். தேறி வெளியேறும்வரை ஆண்டுதோறும் ஆங்கிலத் தேர்வும் எழுதியாக வேண்டும்.