டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டி விற்கிறார்கள்: பழைய ஃப்ளாஷ் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய ஃபிலிம் கேமரா விற்கும் ஒரு கடையில் கேனான் கேனனெட் க்யூஎல்17 ஜி-3 ரேஞ்ச்ஃபைண்டருடன் ஒரு சின்ன ஆட்டோ ஃப்ளாஷையும் சேர்த்து விற்றார்கள். "டெஸ்ட் பண்ணது சார், பளிச்சுனு அடிக்கும். கைடு நம்பர் 46." பட்டனை அழுத்தி அடித்தும் காட்டினார்கள். ஐஎஸ்ஓ 100 (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்) ரோலைக் கழுவிய பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. மேனுவலில் 3 மீட்டரில் எடுத்த நெகட்டிவ்களில் உருவமே சரியாக விழவில்லை. ஆட்டோவில் 1.5 மீட்டரில் எடுத்தவற்றில் முகம் கரியாக அடர்ந்திருந்தது. பிரிண்டில் மூக்கும் கன்னமும் வெளுத்துப்போயின. கேட்டால், "ஃபிலிம் எக்ஸ்பைரி ஆகியிருக்கும்" என்றார் கடைக்காரர். அதே ரோலில் ஃப்ளாஷ் இல்லாமல் பகலில் எடுத்த படங்கள் எல்லாமே நன்றாக இருந்தன. அதைக் காட்டியும் பணம் திரும்பவில்லை.

முதல் ஏமாற்று, ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பரான அந்த 46. அது அடிக் கணக்கு. 3.28-ஆல் வகுத்தால் மீட்டரில் வெறும் 14. கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பின் எஃப் எண் (எண் கூடினால் திறப்பு சுருங்கும்). 46 மீட்டர் என்று நம்பி 3 மீட்டருக்கு எஃப் 16 வைத்தால், உண்மையில் தேவைப்படுவது எஃப் 4-க்கும் 5.6-க்கும் நடுவே. மூன்றரை ஸ்டாப் ஒளி குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும், கூடினால் இரு மடங்காகும்). ஐஎஸ்ஓ 200-க்கான எண்ணைச் சொல்லி விற்பதும் உண்டு. அது ஐஎஸ்ஓ 100 எண்ணைப்போல் 1.4 மடங்கு. எண் சொன்னால் உடனே இரண்டு கேள்வி கேளுங்கள்: மீட்டரா அடியா, எந்த ஐஎஸ்ஓவுக்கு?

இரண்டாவது, செத்துப்போன சென்சார். ஆட்டோ ஃப்ளாஷின் முன்பக்கத்தில் இருக்கும் சின்னக் கண், திரும்பி வரும் ஒளியை அளந்து, போதும் என்றதும் வெளிச்சத்தை நிறுத்த வேண்டும். அது கெட்டுப்போனால் ஒவ்வொரு முறையும் முழு ஆற்றலும் வெளியேறும். 1.5 மீட்டரில் முழு வெளிச்சத்துக்கு எஃப் 9 அளவில் வேண்டும். ஆட்டோ அட்டவணை சொன்னபடி எஃப் 4 வைத்தால் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் அதிகம். டெஸ்ட் பட்டன் இதை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது, பளிச்சென்று அடிக்கத்தான் செய்யும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இது. ஃப்ளாஷை ஆட்டோவில் வைத்து, ஒரு மீட்டரில் வெள்ளைச் சுவரைப் பார்த்து அடியுங்கள். 'தைரிஸ்டர்' (மிச்ச ஆற்றலைச் சேமித்து வைக்கும் சுற்று) என்று எழுதிய ஃப்ளாஷ் என்றால் ரெடி விளக்கு கிட்டத்தட்ட உடனே திரும்ப எரிய வேண்டும், ஏனென்றால் மிச்ச ஆற்றல் மின்சாரத்தைத் தேக்கும் கேபாசிட்டரிலேயே இருக்கிறது. பிறகு சென்சாரை விரலால் மூடி அடியுங்கள். இப்போது விளக்கு எரியப் பல விநாடி ஆக வேண்டும். இரண்டுக்கும் ஒரே நேரம் பிடித்தால் வாங்காதீர்கள். தைரிஸ்டர் இல்லாத பழைய ஆட்டோ வகைகள் மிச்ச ஆற்றலை வீணாக்கிவிடும், அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

அடுத்தது சிங்க், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நொடியிலேயே ஃப்ளாஷ் அடிக்கிறதா என்பது. இந்தச் சோதனைக்கு ஃபிலிம் வேண்டாம். கேமராவில் ஃப்ளாஷை மாட்டி, பின்மூடியைத் திறந்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, லென்ஸை வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்து, பின்னாலிருந்து பார்த்தபடி ஷட்டரை அழுத்துங்கள். கேனனெட் போன்ற, லென்ஸுக்குள் இதழ்களாய்த் திறக்கும் லீஃப் ஷட்டரில் 1/500-இலும் முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். துணித்திரை ஷட்டர் உள்ள லைக்கா எம்6-இல் 1/50 வரைதான் முழுச் சட்டமும் தெரியும். அதைவிட வேகமாக வைத்தால் ஒரு பகுதி இருட்டாகத்தான் இருக்கும், அது பழுதல்ல. எம், எக்ஸ் என்ற சுவிட்ச் உள்ள கேமராவில் எக்ஸ் பக்கம் இருக்கட்டும். எம் என்பது ஒரு முறை மட்டும் எரியும் பழைய ஃப்ளாஷ் பல்புக்கானது. அதில் எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் ஷட்டர் திறக்குமுன்பே அடித்து முடித்துவிடும்.

"கேமராவை ஏ-யில் (ஆட்டோவில்) வைத்து அடிங்க, அதுவே பார்த்துக்கும்" என்றும் அந்தக் கடையில் சொன்னார்கள். கேனனெட்டுக்கென்றே வந்த கேனோலைட் டி ஃப்ளாஷை மாட்டினால்தான் அது சரி. மற்ற ஃப்ளாஷ்களுக்கு அப்பர்ச்சர் வளையத்தை ஏ-யிலிருந்து நகர்த்திக் கையால்தான் வைக்க வேண்டும்.

பேட்டரி அறையில் பச்சை, வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா, கேமராவில் மாட்டும் ஷூ கால் விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ரெடி விளக்கையும் முழுக்க நம்ப வேண்டாம். 80 சதவீத மின்னழுத்தத்தில் அது எரிந்தால் ஆற்றல் 64 சதவீதம்தான். எரிந்த பிறகும் சில விநாடி பொறுத்து அடியுங்கள். பழைய ஃப்ளாஷின் ட்ரிக்கர் மின்னழுத்தம் (கேமராவைத் தொடும் முனையில் வரும் மின்னழுத்தம்) 200 வோல்ட்டையும் தாண்டலாம். மல்டிமீட்டரில் அளக்காமல் டிஜிட்டல் கேமராவில் மாட்டவே கூடாது. பழுது என்று தெரிந்தாலும் நீங்களே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கேபாசிட்டர் 300 வோல்ட் அளவில் ஏறியிருக்கும், பேட்டரியைக் கழற்றினாலும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பில்லில் 'டெஸ்டட்' என்று மட்டும் எழுதித் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'ஆட்டோ சென்சார், சிங்க் இரண்டும் வேலை செய்கின்றன. ஒரு ரோல் கழுவிப் பார்க்கும்வரை திருப்பித் தரலாம்' என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் ஃப்ளாஷை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.