ராமேஸ்வரம் பக்கம் பைசைக்கிள் சீட்டுக்கட்டு வாங்குறவங்க இத படிச்சிட்டு வாங்குங்க

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் சீட்டு மேஜிக் பழகுற தம்பிங்க நிறைய பேரு இருக்கீங்க, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். போன மாசம் ராமேஸ்வரத்துல ஒரு கடையில பைசைக்கிள் ரைடர் பேக் (பைசைக்கிள்ங்குறது அமெரிக்க சீட்டு பிராண்ட், ரைடர் பேக்ங்குறது அதோட பின்பக்க டிசைன்) பன்னெண்டு கட்டு மொத்தமா வாங்கினேன், கட்டு 450 ரூவான்னு 5400 ரூவா. கடைக்காரர் சாம்பிளுக்குன்னு ஒரு கட்ட கையில குடுத்தாரு, அது அருமையா இருந்துச்சு, ஃபேன் விரிச்சா விசிறி மாதிரி சீரா விரியுது, அதே சரக்குதான் தம்பி எல்லாம்னு சொன்னாரு, நானும் நம்பி சீல் போட்ட டப்பாவ அப்படியே பைக்குள்ள போட்டுட்டு வந்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஸ்கூல்ல ப்ரோக்ராம். புதுக்கட்ட அங்கதான் பிரிச்சேன், அது என் தப்புதான், முன்னாடியே பிரிச்சு பாத்திருக்கணும். டபுள் லிஃப்ட் பண்றப்ப, அதாவது ரெண்டு சீட்ட ஒரே சீட்டு மாதிரி தூக்கிக் காட்டுறப்ப, ரெண்டும் ஒண்ணா நிக்கல, பிரிஞ்சு நழுவிருச்சு. முன் வரிசையில இருந்த பொண்ணு "அண்ணே ரெண்டு சீட்டு இருக்கு"ன்னு சத்தமா சொல்லிருச்சு. அந்தப் பிள்ளைங்க மூஞ்சில இருந்த ஆவல் அப்படியே வடிஞ்சத பாத்தேன், இன்னமும் மனசு ஆறல.

கடைக்கு திரும்பப் போனா, கடல் காத்துல சீட்டு அப்படித்தான் ஆகும், சீல் பிரிச்சத எடுக்க மாட்டோம்னு ஒரே பேச்சு.

இந்த இடத்துலதான் நீங்க ஏமாறக் கூடாது. கடல் காத்து சீட்ட கெடுக்கும்ங்குறது உண்மை, வாடை அடிக்கிற மாசத்துல நம்ம ஊர்ல நல்ல கட்டே வளைஞ்சு போகும். ஆனா பேப்பர் ஈரத்த இழுத்தா உப்பும், தடிக்கும், மெலியாதுல்ல? போட் இன்ஜின் வேலை பாக்குற அண்ணன்கிட்ட தடிமன் அளக்குற வெர்னியர் வாங்கி அளந்தேன். என்கிட்ட ஒரு வருசமா இருக்குற ஒரிஜினல் கட்டு 52 சீட்டும் சேத்து 15 மில்லிமீட்டருக்கு மேல இருக்கு, புதுசு 13 சொச்சம்தான். வீட்டு வாசல்ல அதே காத்துல கெடந்த பழைய கட்டு தடிச்சிருக்கு, ரெண்டு நாள் முன்னாடி பிரிச்சது மெலிஞ்சிருக்குன்னா அது காத்தோட வேலை இல்ல.

ஒரிஜினல் சீட்டுங்குறது ரெண்டு பேப்பர நடுவுல வெளிச்சம் புகாத பசை வச்சு ஒட்டுனது, அதனாலதான் ட்யூப்லைட்டுக்கு நேரா புடிச்சா பின்னாடி இருக்குறது தெரியாது, வளைச்சு விட்டா விறைப்பா திரும்ப வரும். டபுள் லிஃப்டுக்கு அந்த விறைப்புதான் உயிர். மேல நகத்தால தடவுனா பொடிப்பொடியா குழி தட்டுப்படும், அதுல காத்து நிக்குறதாலதான் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிட்டு ஓடுது. எனக்கு வந்தது மொழுமொழுன்னு இருக்கு, ஃபேன் விரிச்சா கொத்து கொத்தா நிக்குது, வெட்டுன ஓரம் பிசிறு, ஃபாரோ கலைச்சா (ரெண்டு பாதியையும் ஒண்ணு விட்டு ஒண்ணு கோக்குறது) பல்லு கோக்கவே மாட்டேங்குது. ஒரிஜினல்ல இருக்குற மாதிரியே இஸ்பேடு ஆஸ்ல 808ன்னு நம்பர் அச்சடிச்சிருக்கான், அத பாத்து நம்பாதீங்க, யாரு வேணாலும் அச்சடிக்கலாம்.

ரம்மி ஆடுற சின்ன சைஸ் கட்டும் இதே டப்பா மாதிரி வருது. போக்கர் சைஸ்னா அகலம் 63 மில்லி, பிரிட்ஜ் சைஸ் 57, பாம் பண்ணி, அதாவது சீட்ட உள்ளங்கையில மறைச்சுப் பழகுறவங்களுக்கு அந்த வித்தியாசம் கையில உடனே தெரியும், ஸ்கேல் கொண்டு போய் அளந்துக்கங்க.

அப்புறம் சாம்பிள் கட்ட தொட்டுப் பாத்துட்டு காச குடுத்துறாதீங்க. நீங்க எடுத்துட்டு போகப்போற கட்டுலயே ஒண்ண உங்க கையால எடுத்து, கடையிலயே சீல் பிரிச்சு, லைட்டுல பாத்து, வளைச்சு பாத்து வாங்குங்க. பிரிக்க விடமாட்டேன்னா வேற கடை பாருங்க.

மிச்ச பதினோரு கட்டும் எங்கிட்டதான் இருக்கு. பாதி விலைக்குக் கேட்டாங்க, குடுக்கல, டப்பா மேல எல்லாம் மார்க்கர்ல போலின்னு எழுதி வச்சிருக்கேன். மண்டபம் பக்கம் யாராச்சும் வந்தா ஒரிஜினலையும் இதையும் ரெண்டு கையில குடுக்குறேன், தொட்டுப் பாத்துட்டு போங்க.